ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம்: முதல்முறை வருகிறவர்களுக்கு

ஆடி பிறந்தாலே எங்கள் ராமநாதபுரம் வீட்டுக்குப் போன் வரத் தொடங்கிவிடும். அப்பா, அம்மா இறந்த பிறகு இது முதல் ஆடி அமாவாசை, ராமேஸ்வரத்தில் வந்து தர்ப்பணம் கொடுக்கலாம் என்று இருக்கிறோம், எங்கே தங்குவது, என்ன கொண்டு வருவது என்று கேட்பார்கள். பல வருடங்களாகச் சொந்தக்காரர்களையும், அவர்களுக்குத் தெரிந்தவர்களையும் அக்னி தீர்த்தம் என்று சொல்லும், கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் கடற்கரைக்குக் கூட்டிப் போய் வந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடல் முழுக்கு, தர்ப்பணம், கோயிலுக்குள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தம், சாமி தரிசனம், தனுஷ்கோடி இத்தனையும் அமாவாசை ஒரே நாளில் முடித்துவிட்டு ராத்திரியே வண்டி ஏறிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். அப்படி வருகிறவர்களுக்குத் தர்ப்பணம்தான் அவசரத்தில் போகிறது. எதற்காக இவ்வளவு தூரம் வந்தார்களோ அது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதிப் பொழுது வரிசையில் கழியும். அமாவாசைக் காலைப் பொழுதை இறந்துபோன உங்கள் பெரியவர்களுக்கு விட்டுவிடுங்கள். சாமியை மறுநாள் ஆற அமரப் பார்க்கலாம். முதல் நாள் இரவும் அமாவாசை இரவும் தங்குகிற மாதிரி வந்தால் எல்லாம் நிதானமாக நடக்கும்.

தேதியும் இடமும்

தேதியைப் பஞ்சாங்கம் பார்த்து, முடிந்தால் உங்கள் வீட்டு ஐயரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டு டிக்கெட் போடுங்கள். அமாவாசைத் திதி சில வருடம் ஒரு நாள் மதியம் தொடங்கி மறுநாள் மதியம் முடியும். சில வருடம் ஆடியிலேயே இரண்டு அமாவாசை வந்துவிடும். 2023-ல் ஆடி 1-ம் தேதி ஒன்று, 31-ம் தேதி ஒன்று. எதற்கு வருவது என்று தெரியாமல் எங்களுக்குப் போன் செய்தவர்கள் நிறையப் பேர்.

ராமநாதசுவாமி கோயிலில் ஆடித் திருக்கல்யாணத் திருவிழாவும் இதையொட்டித்தான் நடக்கும். விழாவில் சுவாமியும் அம்பாளும் ராமர் பாதம் போன்ற இடங்களுக்கு எழுந்தருளும் நாளில் கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள். அமாவாசைக்கு முன்னும் பின்னும் தங்குகிறவர்கள் அந்த வருடத் திருவிழா அழைப்பிதழைப் பார்த்து, நடை சாத்தும் நாள் எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். காசியிலிருந்து வந்தவர்கள் மூடிய கதவின் முன் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இடத்தைப் பற்றியும் யோசித்து முடிவு செய்யுங்கள். எண்பது வயது அம்மா, சக்கர நாற்காலியில் அப்பா, கைக்குழந்தை என்று வருகிற குடும்பத்துக்கு அமாவாசை அன்று ராமேஸ்வரம் கஷ்டம். எங்கள் கரையில் ராமர் வந்த இடங்கள் வேறும் இருக்கின்றன. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலைத் தாண்டிப் போனால் சேதுக்கரை. பாலம் கட்டத் தொடங்கிய இடம் என்று சொல்லும் அந்தக் கரையில் ஆஞ்சநேயர் கடலைப் பார்த்து நிற்கிறார். ராமநாதபுரத்துக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டரில் தேவிபட்டினம். ராமர் நவக்கிரகங்களாக நட்டு வழிபட்டதாகச் சொல்லும் ஒன்பது கற்கள் கடலுக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டு இடத்திலும் ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் வரும். ஆனாலும் ராமேஸ்வரம் அளவுக்கு நெரிசல் கிடையாது. உப்பூர் விநாயகரைக் கும்பிட்டு, தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை பார்த்து, அப்புறம் ராமேஸ்வரம் போவதுதான் பழைய சேது யாத்திரை வழி. எனவே சேதுக்கரையில் கொடுத்தால் குறைந்துபோகுமோ என்று நினைக்க வேண்டாம்.

வந்து சேர்வது

2022 டிசம்பரிலிருந்து ரயில் மண்டபத்தோடு நின்றுபோயிருந்தது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மறுபடியும் ராமேஸ்வரம் வரைக்கும் வருகிறது. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிறவர்களுக்கு ரயில்தான் நல்லது. ஆடியில் காற்று பலமாக இருக்கும். காற்றின் வேகம் ஓர் அளவைத் தாண்டினால் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள்; காற்று அடங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். முதல் நாள் மதியமே வந்துவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரில் வந்தால் 1988-ல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான் தீவுக்குள் நுழைய வழி. அமாவாசை அன்று விடிகாலையில் அதற்கு முன்னாலேயே வண்டிகள் தேங்கும். ஊருக்குள்ளும் கோயில் வரை காரை விடமாட்டார்கள். ஒதுக்கியிருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு ஆட்டோவிலோ டவுன் பஸ்ஸிலோதான் போக வேண்டும். ரத வீதிகளில் நடைதான். அறை பிடிக்கும்போது ஏசி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், கோயிலுக்கு நடந்து போகும் தூரமா என்று கேளுங்கள்.

வந்த அன்று சாயங்காலம் சும்மா அறையில் படுத்திருக்காதீர்கள். கரையைப் போய்ப் பார்த்துவிட்டு, கோயிலுக்குள் மூன்றாம் பிரகாரத்தில் நடந்து வாருங்கள். 1212 தூண்கள். அன்று கூட்டம் குறைவாக இருந்தால் அந்த நீளம் கண்ணுக்குக் கிடைக்கும். மறுநாள் முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும். போகும்போதே எல்லோரும் சந்திக்க ஓர் இடத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் செல்போன் அனுமதி இல்லை. மறுநாள் மூன்று நான்கு மணி நேரம் உங்கள் குடும்பத்தில் யாரிடமும் போன் இருக்காது. "முடிந்ததும் கூப்பிடுறேன்" என்பது நடக்காத காரியம். பிள்ளைகள் சட்டைப் பையில், பெரியவர்கள் இடுப்பில், ஒரு போன் நம்பரும் தங்கியிருக்கும் விடுதியின் பெயரும் எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

பெயர்ச் சீட்டு

கொண்டு வர வேண்டிய பொருள்களில் முக்கியமானது ஒரு தாள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, கொள்ளுப்பாட்டி. அதே மாதிரி அம்மா வழியில் தாத்தா, அவருடைய அப்பா, அவருடைய அப்பா, பாட்டிமார் மூவர். எல்லாப் பெயரும், தெரிந்தால் கோத்திரமும், பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மா, அப்பா இருவரில் உயிரோடு இருப்பவர் பெயர் இதில் சேராது. அப்பா உயிரோடு இருக்கும் மகன் தர்ப்பணம் செய்வதில்லை என்பதும் வழக்கம். அவர் சார்பாக ஓடி வந்துவிடாதீர்கள்.

அப்பா இறந்து முதல் ஆடி அமாவாசைக்கு நான் இந்தத் தாள் இல்லாமல்தான் உட்கார்ந்தேன். ஈர வேட்டி, எதிரே இலை, கையில் எள். அப்பா பெயர், தாத்தா பெயர் சொன்னேன். கொள்ளுத்தாத்தா பெயரும் வந்துவிட்டது. "தாயார் வழியில பாட்டியோட பேரு?" என்றார் ஐயர். அந்தப் பாட்டி மடியில் நான் தூங்கியிருக்கிறேன். அவர் கையால் முறுக்கு வாங்கித் தின்றிருக்கிறேன். எல்லோருக்கும் அவர் "ஆச்சி"தான். பெயர் என்ன என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கரையில் இருந்த தம்பி அந்தச் சத்தத்துக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு பெரியம்மாவுக்குப் போன் போட்டான். பெரியம்மா சொன்ன பெயரை அவன் என் காதில் வந்து சொன்னான். அம்மா ஏன் என் தங்கையை ஒரு பழைய காலத்துச் செல்லப்பெயரில் கூப்பிடுவார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணைத் திறக்க முடியவில்லை.

அதனால் சொல்கிறேன், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வீட்டில் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கோத்திரம் தெரியாவிட்டால் ஐயரிடம் சொன்னால் அதற்கும் வழி சொல்வார். அதற்காகத் தயங்க வேண்டாம்.

மற்றவை சுலபம். எள், தர்ப்பை, பச்சரிசி, வாழை இலை, வெற்றிலை பாக்கு எல்லாம் கரையிலேயே கிடைக்கும். வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டியவை: ஆளுக்கு இரண்டு செட் துணி, ஒரு பெரிய பருத்தித் துண்டு, ஈரத்துணிக்குத் தடித்த பிளாஸ்டிக் பை, மாத்திரை, சில்லறைப் பணம். பெண்கள் அடர்ந்த நிறத்தில் பருத்திச் சேலையோ சுடிதாரோ உடுத்துவது நல்லது. பட்டும் நைலானும் ஈரத்தில் காலோடு ஒட்டி நடக்க விடாது. நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முழுக்குப் போடும்போது கழுத்திலிருந்து நழுவினால் மணலுக்குள் போனதுதான்.

விடிகாலை, அக்னி தீர்த்தம்

நான்கரை மணிக்கெல்லாம் கரையில் இருங்கள். முழுக்கை இருட்டிலேயே போடலாம். தர்ப்பணம் சூரியன் எழுந்த பிறகுதான் என்பார் எங்கள் ஐயர். ஆடியில் இங்கே ஆறு மணியை ஒட்டி விடியும். முன்னாலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தால் விடியும்போது தொடங்கிவிடலாம். ஏழு மணிக்கு மேல் கால் வைக்க இடம் இருக்காது.

கோயிலின் கிழக்கே இருக்கும் இந்தக் கடலில் பெரிய அலை கிடையாது. குளம் மாதிரிதான் இருக்கும். அதை நம்பி உள்ளே உள்ளே போகாதீர்கள், இடுப்பளவு போதும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் உள்வாங்குவது உண்டு. அப்போது அடியில் இருக்கும் பாறை வெளியே தெரியும். பாசி பிடித்த கல், கூர்மையான சிப்பி. காலைத் தேய்த்துத் தேய்த்து நகர்த்தி வைத்து நடங்கள், தூக்கி வைக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் பட்ட காயம் உடனே தெரியாது. அவர்களை ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும்.

குடும்பத்தில் ஒருவர் நனையாமல் கரையில் பையோடு இருக்கட்டும். மற்றவர்கள் வந்த பிறகு அவர் போகலாம்.

ஐயரிடம் உட்காருவதற்கு முன்னாலேயே தட்சிணையைப் பேசிவிடுங்கள். எவ்வளவு, அதில் பொருளும் சேர்த்தியா, எத்தனை பேருக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருடம் எங்கள் பெரியப்பா வீட்டாரிடம் ஒருவர் தொடங்கும்போது ஒரு தொகை சொல்லி, பிண்டம் வைத்த பிறகு இன்னொன்று கேட்டார். எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பேரம் பேச முடியாது. பெரியப்பா பேசாமல் கொடுத்துவிட்டார், ஆனால் அன்று முழுக்க அவர் முகம் சரியாக இல்லை. நிதானமாகச் சொல்லிக்கொடுத்துச் செய்துவைக்கிறவர்களும் அதே கரையில் நிறைய இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று இரண்டு நிமிடம் பார்த்தால் யாரிடம் உட்காரலாம் என்று தெரிந்துவிடும்.

பிண்டத்தைக் கடலில் கரைத்து, திரும்பவும் ஒரு முழுக்கு. அவ்வளவுதான். இதில் ஒன்றை எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: உடுத்தியிருந்த துணியைக் கடலில் விடாதீர்கள். பாவம் அதோடு போகும் என்று யாரோ சொல்லி, பார்த்துப் பார்த்து எல்லோரும் விடுகிறார்கள். மதியம் அந்தக் கரையில் நின்று பாருங்கள். சேலையும் வேட்டியும் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு மணலில் பாதி புதைந்து கிடக்கும். அடுத்து முழுக்குப் போட வரும் ஒரு வயதான அம்மாவின் காலில்தான் அது சுற்றும். மிச்சம் மீனவர் வலையில் போய்ச் சேரும். துப்புரவுப் பணியாளர்கள் அதை இழுத்து இழுத்து வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தால் அடுத்த முறை யாருக்கும் துணியை விட மனசு வராது. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பதும் அன்றைய வழக்கம். வாசலில் நிற்கும் மாட்டுக்கே எல்லோரும் கொடுத்து, அது தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கும். கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு ஒரு தெரு தள்ளிப் போனால் பசியோடு ஒரு மாடு கிடைக்கும்.

தர்ப்பணம் முடியும் வரை சாப்பிடாமல் இருப்பார்கள். இன்சுலின் போடுகிறவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் மட்டும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு உட்காரட்டும். பிள்ளை பசியில் மயங்கி விழ வேண்டும் என்று எந்தத் தகப்பனும் கேட்கமாட்டார்.

இருபத்திரண்டு கிணறு

கடலாடிய ஈரத்தோடேயே தீர்த்தமாடப் போக வேண்டும். தீர்த்தத்துக்கு டிக்கெட் உண்டு. கட்டணத்தைக் கோயில் கவுண்டரில் எழுதிப் போட்டிருப்பார்கள், அங்கேயே வாங்குங்கள். வழியில் "வரிசை இல்லாம கூட்டிப் போறேன்" என்று அழைப்பவர்களோடு போக வேண்டாம். டிக்கெட் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வடக்குக் கோபுரம் வழியாகத்தான் உள்ளே விடுவார்கள். அன்றைய தடுப்பு எப்படி இருக்கிறதோ அதன்படி போங்கள்.

முதலில் மகாலட்சுமி தீர்த்தம், கடைசியில் கோடி தீர்த்தம். நடுவில் சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி, நளன், நீலன், சூரியன், சந்திரன், கங்கை, யமுனை, கயை என்று வரிசையாக வரும். சேது மாதவ தீர்த்தம் குளம், மற்றவை பெரும்பாலும் கிணறு. கிணற்றுச் சுவரின் மேல் யாத்திரைப் பணியாளர் ஒருவர் வெறும் காலோடு நிற்பார். கயிற்றை விடுவார், வாளி கீழே தண்ணீரில் மோதும் சத்தம் கேட்கும், மூன்றே இழுப்பில் மேலே வந்துவிடும். அந்த வேகத்திலேயே உங்கள் தலைமேல் கொட்டுவார். குனிந்து கொள்ளுங்கள், தண்ணீர் முதுகில் இறங்கட்டும். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கிணறுகள் இவை. இப்போதுதான் கடலில் மூழ்கிய உதட்டில் உப்பு இருக்கும். அதன் மேல் இந்தத் தண்ணீர் பட்டதும் தெரியும் வித்தியாசத்தைச் சொல்லி முடியாது. கிணற்றுக்குக் கிணறு ருசி மாறும் என்று எங்கள் பாட்டி சொல்வார். நானும் ஒவ்வொன்றிலும் நாக்கை நீட்டிப் பார்த்திருக்கிறேன், மாறத்தான் செய்கிறது.

அமாவாசை அன்று அந்தப் பணியாளர்கள் விடிகாலையிலிருந்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள். கூட்டத்தில் உங்கள் மேல் நாலு சொட்டுதான் விழுந்தது என்றால் சண்டை போடாமல் அடுத்ததற்கு நகருங்கள். தெளித்தாலும் தீர்த்தம்தான்.

தரை முழுக்க வழுக்கும். கிணற்றிலிருந்து கிணற்றுக்கு ஓடுகிறவர்கள்தான் விழுகிறார்கள். இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவராகப் பெரியவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். ஆடி அமாவாசையில் எங்களுக்கு நான்கு மணி நேரம்கூட ஆகியிருக்கிறது. முடியாதவர்களை வற்புறுத்த வேண்டாம், கோடி தீர்த்தத்தை மட்டும் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். வீட்டுக்கு எடுத்துப் போவதும் அந்தத் தண்ணீரைத்தான்.

முடிந்ததும் உடனே துணி மாற்றுங்கள். ஈரத்தோடு சன்னதிக்குப் போக அனுமதி இல்லை, காற்றில் நின்றால் குளிர் காய்ச்சலும் வரும். அன்று சுவாமி அக்னி தீர்த்தத்துக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடக்கும். வழியில் கண்டால் ஓரமாக நின்று கும்பிட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளோடு முன்னால் முண்டாதீர்கள். அப்புறம் நேரே அறைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

மறுநாள்

காலை ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். ராமநாதசுவாமி பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று, இது சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். உள்ளே இரண்டு லிங்கம் உண்டு என்பதை முன்னாலேயே தெரிந்துகொண்டு போனால் நல்லது. சீதை மணலால் பிடித்தது ராமலிங்கம். கயிலையிலிருந்து அனுமன் கொண்டு வருவதற்குள் நேரம் கடந்துவிட்டதால் மணலில் பிடித்துப் பூஜை செய்தார்கள். அனுமன் வருத்தப்பட்டதால் அவர் கொண்டு வந்த விஸ்வலிங்கத்துக்குத்தான் முதல் பூஜை என்று ராமர் சொன்னார். இன்றைக்கும் அப்படியே நடக்கிறது. நீங்களும் விஸ்வநாதரைக் கும்பிட்டுவிட்டு ராமநாதரிடம் போங்கள், பிறகு பர்வதவர்த்தினி அம்மனிடம்.

தனுஷ்கோடி பார்க்க ஆசை இருந்தால் இன்று போங்கள். சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும், இருட்டிய பிறகு விடமாட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். அந்தப் புயலில் கடல் கொண்ட ரயிலோடு போனவர்களின் இடம் அது. அரிச்சல்முனையில் கடலில் இறங்கவே கூடாது. ஒரு பக்கம் அமைதியாக இருக்கும், மறுபக்கம் சுழித்து இழுக்கும். ஆடிக் காற்றில் எது எப்போது மாறும் என்று அங்கேயே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஊருக்குக் கிளம்பும்போது பாம்பன் பாலத்தில் படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள், பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கலாம். வீட்டுக்குப் போனதும் கோடி தீர்த்தத்தைப் பூஜை அறையில் வைத்துவிட்டு, நனைந்து காய்ந்த அந்தப் பெயர்ச் சீட்டை ஒரு நோட்டில் அழகாகத் திருப்பி எழுதி, பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். புரட்டாசி மகாளய அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அதே தாள் வேண்டும்.